பிரேக் மேல் யார் கால்

டீச்சரின் வலது கால் வீட்டிலும் சும்மா இருந்ததில்லை. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது திரையில் யாராவது குறுக்கே ஓடினால் அது தரையை அழுத்தும். "அம்மா, கால்," என்பாள் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே. டீச்சர் காலை இழுத்துக்கொள்வாள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒரு குறுக்குச் சட்டம் உண்டு. அவள் உட்காரும் இடத்தில் மட்டும் அதன் வார்னிஷ் போய் மரம் வெளுத்திருந்தது.

பத்தொன்பது வருஷமாக அவள் பிழைப்பு அந்தக் காலில்தான். அண்ணன் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். அவள் பக்கத்து இருக்கையில் இருப்பாள். அவள் காலடியில் ஒரே ஒரு பெடல். அது பிரேக். அங்கிருந்து ஒரு இரும்புத் தண்டு போய் ஓட்டுகிறவரின் பிரேக்கோடு சேர்ந்திருந்தது. இவள் மிதித்தால் அதுவும் இறங்கும். ஸ்டியரிங் இல்லை, ஆக்சிலேட்டர் இல்லை, ஹாரன்கூட இல்லை. நிறுத்துவது ஒன்றுதான் அவள் கையில், அதாவது காலில்.

பெடலுக்கும் செருப்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு அந்தக் காலை வைத்திருப்பாள். பேசுவாள், சிரிப்பாள், ஜன்னல் வழியாகத் தெரிந்தவர்களுக்குத் தலையாட்டுவாள். கால் மட்டும் அந்தரத்தில் நிற்கும். அவளிடம் படித்தவர்கள் ஊரில் எந்தத் தெருவில் பார்த்தாலும் இருந்தார்கள். பஸ் ஓட்டுகிறவர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர், அவளுடைய பக்கத்து வீட்டு மாமியார், பிறகு அதே வீட்டு மருமகள். பின்னால் இருவரும் சேர்ந்து ஒரே காரில் போகும்போது யார் ஓட்டுவது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள்.

போன வருஷம் ஒரு சைக்கிள்காரர் சந்திலிருந்து சட்டென்று வந்தார். டீச்சர் மிதித்தாள். வண்டி நின்றது, ஆனால் ஒரு முழம் தள்ளி நின்றது. சைக்கிள்காரர் விழுந்து எழுந்து, முழங்கையைத் தட்டிக்கொண்டு, வாயாரத் திட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு ஒரு விரல் இடைவெளி அரை விரலாகிவிட்டது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். அண்ணனுக்கும் தெரிந்திருந்தது.

வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது டெய்லர் வந்த வாரத்தில்.

டெய்லர் கடைத்தெருவில் கோட்டும் பேண்ட்டும் தைக்கிறவர். ஐம்பத்திரண்டு வயது. மருமகன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது தன் காரை இவர் வீட்டு வாசலில் விட்டுப் போயிருந்தான். தினம் காலையில் அதைத் துடைப்பது இவர் வேலை. எட்டு மாதம் துடைத்த பிறகு, சும்மா துடைத்துக்கொண்டிருப்பதற்கு ஓட்டியே பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார். கடையில் கூட்டம் குறைவான மதியம் இரண்டு மணியை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது நாள், மூடிக்கிடந்த மில்லின் காலி மைதானத்தில் வண்டி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. குண்டும் குழியுமான ஓரத்தைத் தாண்டியதும் திடீரென்று வேகம் செத்தது. இன்ஜின் அணையவில்லை. ஆனால் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் கேட்காமல், தூக்கம் கலையாத ஆள் மாதிரி முனகியது. காலை எடுத்து, பிரேக்கை ஒரு தரம் முழுசாக மிதித்து விட்டதும் சரியானது.

"ரெண்டையும் சேர்த்து மிதிச்சீங்களா?" என்று கேட்டாள் டீச்சர்.

"இல்லையே டீச்சர்."

"தையல் மெஷின் எந்தக் கால்ல மிதிப்பீங்க?"

டெய்லர் யோசித்தார். "ரெண்டு கால்லயும்."

அதோடு வழக்கு முடிந்துவிட்டது. அது ஆட்டோமேட்டிக் வண்டி. இரண்டு பெடல், இரண்டுக்கும் வலது கால் ஒன்றுதான். இடது கால் பேசாமல் ஓரமாகக் கிடக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் இரண்டு காலையும் ஜோடியாக ஆட்டிப் பிழைத்த மனிதரின் இடது கால் அப்படிக் கிடக்குமா? டெய்லரே நம்பிவிட்டார். கடையில் மெஷினை வலது காலால் மட்டும் மிதிக்கத் தொடங்கினார். இடது காலைப் பழக்குவதற்காம். அந்த வாரம் தைத்த மூன்று பேண்ட்டுகளில் தையல் கோணிப்போய்ப் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது. வண்டி மட்டும் மாறவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தரம் அதே இடத்தில், அதே முனகல்.

டீச்சர் தினமும் காலையில் ஒரு சின்ன பிரஷ்ஷால் வண்டித் தரையைக் கூட்டுவாள். மண், தலைமுடி, பேருந்துச் சீட்டு. இப்போது ஓட்டுகிறவர் காலடியில் புதிதாக நீலத் துணுக்குகள், அரிசிக் குருணை அளவு. டெய்லரின் சாக்பீஸ். மனிதர் பாக்கெட்டிலிருந்து உதிர்த்துக்கொண்டே வருகிறார் என்று நினைத்தபடி கூட்டித் தள்ளினாள்.

கார் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவனுக்குப் பல்பு என்று பெயர். சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு ஒயர் பிடித்த ஒரு சின்ன பல்பு தொங்கும். கரண்ட் வருகிறதா என்று அதை வைத்துத்தான் பார்ப்பான். பிறகு வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வாங்கிவிட்டான். பெயர் மாறவில்லை, பல்பும் பையை விட்டுப் போகவில்லை.

"முன்ன மாதிரி ஆக்சிலேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல கேபிள் கிடையாது அக்கா," என்று அவன் டீச்சருக்குச் சொன்னான். "கால் எவ்வளவு மிதிக்குதுன்னு ஒயர் போய் கம்ப்யூட்டர்கிட்ட சொல்லும். கம்ப்யூட்டர் மனசு வெச்சா காத்து போற கதவத் தொறக்கும். அந்தக் கதவுதான் த்ராட்டில்."

த்ராட்டிலைக் கழற்றிச் சுத்தம் செய்தான். கரி போனது, முனகல் போகவில்லை. ஆக்சிலேட்டர் பெடலையே மாற்றிப் பார்த்தான். அதுவும் இல்லை. கடைசியில் ஸ்கேனரை ஒரு நாள் முழுக்க வண்டியிலேயே மாட்டி விட்டு, நடப்பதையெல்லாம் பதிவு செய்யச் சொன்னான்.

புதன்கிழமை ஆபீஸில் மூவரும் அந்தத் திரையைச் சுற்றி நின்றார்கள். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தான்.

"இது ஆக்சிலேட்டர்," என்று பல்பு ஒரு கோட்டைக் காட்டினான். "இது பிரேக். பாருங்கண்ணே, ரெண்டும் ஒரே நேரத்துல. ரெண்டையும் மிதிச்சா கம்ப்யூட்டர் பிரேக் பேச்சத்தான் கேக்கும். த்ராட்டில மூடிடும். பாதுகாப்புக்கு அப்படி வெச்சிருக்கான்."

"டெய்லர் கால்தான்னு முன்னயே சொன்னோமே," என்றான் அண்ணன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா இது டெய்லர் ஓட்டினது இல்ல. காலைல நர்ஸம்மா ஓட்டினது."

காலையில் கற்றுக்கொள்ள வரும் நர்ஸம்மா எந்த மெஷினையும் மிதிப்பவர் அல்ல. ஒரு மாதமாக ஒழுங்காக ஓட்டுகிறவர். டெய்லர் ஓட்டியபோதும் நர்ஸம்மா ஓட்டியபோதும் வண்டியில் பொதுவாக இருந்த கால் ஒன்றுதான். அண்ணன் டீச்சரின் செருப்பைப் பார்த்தான். பார்த்த பிறகு பார்க்காத மாதிரி கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.

"நீ வேணும்னு மிதிக்கிறேன்னு சொல்லல," என்றான். "உனக்குத் தெரியாமயே போகுது. அந்த சைக்கிளுக்கு அப்புறம்..."

"எனக்குத் தெரியாம என் கால் எங்க போகும்?"

"வீட்லயே போகுதாமே. உன் பொண்ணு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா."

டீச்சர் பல்பைப் பார்த்தாள். அவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "முழுசா மிதிக்கணும்னுகூட இல்ல அக்கா. லேசா கால் வெயிட்டு பட்டாப் போதும், கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிடும். வண்டி பொய் சொல்லாது."

"சனிக்கிழமை டெய்லருக்கு டெஸ்ட்," என்றான் அண்ணன். "அதோட போதும். திங்கள்லேர்ந்து நீ ஆபீஸ்ல உக்காரு. ஃபாரம் நிரப்ப எனக்கும் ஆள் வேணும். நான் வேற ஆளப் போட்டுக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். உடம்பு சரியில்லாதவளிடம் பேசுகிற குரலில் சொன்னான்.

ஆபீஸ் மேசை கண்ணாடி போட்டது. கண்ணாடிக்கு அடியில் டெஸ்டில் தேறியவர்களின் பாஸ்போர்ட் போட்டோக்கள், முதல் வரிசையெல்லாம் மஞ்சளித்துப்போய். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். மேசைக்கு அடியில் குறுக்குச் சட்டம்கூடக் கிடையாது.

உண்மை தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. இரண்டு காலையும் இருக்கை மேல் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி அப்போதும் முனகினால் குற்றம் வேறெங்கோ. முனகாமல் ஓடினால் குற்றம் இந்தக் காலில். புதன்கிழமை சாயங்காலமே அவளுக்கு இது தெரியும். வியாழக்கிழமை நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். நான்கு தடவையும் கால் கீழேதான் இருந்தது. ரோட்டில் காலைத் தூக்கக் கூடாது, ஆபத்து என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது நிஜம்தான். ஆனால் காரணம் அது இல்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு டெய்லர் வந்து ஏறினார். பெல்ட் போட்டுக்கொண்டு, இருக்கைக்கு அடியில் குனிந்து எதையோ செய்துகொண்டே இருந்தார்.

"என்ன தேடறீங்க?"

"தேடல டீச்சர். கட்டறேன்."

அளவெடுக்கும் டேப்பால் இடது கணுக்காலை இருக்கையின் இரும்புக் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தார். முடிச்சு அழகாக விழுந்திருந்தது. "நாளைக்கு டெஸ்ட். இது மேல எனக்கு நம்பிக்கை இல்ல. நானும் பதினஞ்சு நாளாச் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குது."

டீச்சருக்கு முகம் சூடேறியது. நர்ஸம்மா சமாசாரத்தை யாரும் இவரிடம் சொல்லியிருக்கவில்லை. மனிதர் செய்யாத குற்றத்துக்குத் தன் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அவிழ்க்க வேணாம், அப்படியே இருக்கட்டும்," என்றாள். "மைதானத்துக்கு விடுங்க."

மைதானத்தின் நடுவே நிறுத்தச் சொன்னாள். சுற்றிலும் ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு நாய் மட்டும் சுவர் நிழலில் படுத்திருந்தது. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி இருக்கையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷத்தில் ஓடப்போகிற வண்டியில் அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

டெய்லர் எட்டிப் பார்த்தார். "டீச்சர், கால மேல வெச்சுட்டீங்க?"

"ஆமா."

"அப்ப எனக்கு யாரு இருக்கா?"

"நீங்க இருக்கீங்க. பதினஞ்சு, இருபதுக்கு மேல போகாதீங்க. நான் நிறுத்துன்னா நிறுத்துங்க."

முதல் சுற்று எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. குண்டும் குழியுமான ஓரத்தில் குலுங்கியது, தாண்டியது, ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றும் அப்படியே. டெய்லர் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார். "கட்டினது நல்லதாப் போச்சு பாருங்க." டீச்சர் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அகலமான, வெடித்த, சாதாரணப் பாதம். கட்டைவிரல் லேசாக மடிந்து அழுத்திக்கொண்டிருந்தது, தொடையின் மேலேயே. அண்ணன் சொன்னது சரிதான் என்று அவள் முடிவுக்கு வந்தாள். திங்கட்கிழமை எந்தப் புடவையில் ஆபீஸுக்குப் போவது என்பதுவரை போய்விட்டாள்.

மூன்றாவது சுற்றில், அதே ஓரத்தில், வண்டி முனகியது.

டெய்லர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். முனகல்தான். வண்டி நடைவேகத்துக்கு வந்தது.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர்," என்றார், பழக்கத்தில்.

"நிறுத்தாதீங்க. அப்படியே இருங்க. கால எடுக்காதீங்க." அவள் குனிந்து பார்த்தாள். டெய்லரின் இடது கால் டேப்புக்குள் இருந்தது. வலது கால் ஆக்சிலேட்டர் மேல். பிரேக் பெடல் தனியாக, அதன் ரப்பரில் தூசியோடு, யாரும் தொடாமல் நின்றது. இந்தப் பக்கத்துப் பெடலும் தனியாக நின்றது, கீழே அவளுடைய செருப்பு ஜோடிக்கு மேல். யாரோ மிதிக்கிறார்கள். கால் இல்லாத யாரோ.

பிரேக்கைத் தொடாமல் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தச் சொல்லிவிட்டு, பல்புக்கு போன் செய்தாள். பல்பு பத்து நிமிஷத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். டீச்சர் அவனிடம் சத்தம் போடவில்லை.

"நான் ரெண்டு காலையும் மேல வெச்சிருந்தேன். அவருக்கு ஒண்ணக் கட்டி வெச்சிருக்கு. இன்னொண்ணு ஆக்சிலேட்டர்ல. எண்ணிக்கோ. மிச்சம் யாரு கால்?"

பல்பு டேப்பைப் பார்த்தான். டெய்லரைப் பார்த்தான். ஸ்கேனரை மாட்டினான். வண்டி அந்த நிலையிலேயே இருந்ததால் திரையில் பிரேக் மிதிபட்டிருப்பதாகத்தான் காட்டியது.

"அக்கா, பின்னாடி போய்ப் பாருங்க. பிரேக் லைட் எரியுதா?"

டீச்சர் வெறுங்காலோடு இறங்கிச் சூடான தரையில் ஓடினாள். "இல்ல. எரியல."

"மிதிச்சிருந்தா எரியணுமே."

"அதத்தான் நான் மூணு நாளா கேக்கறேன்."

அவள் கேட்கவில்லைதான். ஆனால் பல்பு மறுத்துப் பேசும் நிலையில் இல்லை. ஓட்டுகிறவர் இருக்கையை டெய்லரோடு சேர்த்துப் பின்னுக்குத் தள்ளி, அவருடைய கட்டாத காலை ஒதுக்கிக்கொள்ளச் சொல்லி, தலையைப் பெடல்களுக்குக் கீழே நுழைத்து, கால்கள் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மல்லாந்தான். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு துப்பினான். டார்ச்சை அல்ல. வாயில் விழுந்த எதையோ.

"என்னதிது, நீலமா?"

அவன் உள்ளங்கையில் எச்சிலோடு ஒரு துணுக்கு. டீச்சருக்கு அதைத் தெரியும். "டெய்லர் சாக்பீஸ். தெனம் நான்தான் கூட்டித் தள்றேன்."

"என்னுதா?" என்றார் டெய்லர். பாக்கெட்டில் கையை விட்டு எடுத்துக் காட்டினார். வெள்ளை. "நீலம் நான் வாங்கறதே இல்ல டீச்சர். துணியில கறை நின்னுடும். முப்பத்தஞ்சு வருஷத்துல நீலம் தொட்டதில்ல."

பல்பு மறுபடி உள்ளே போனான். இந்த முறை அவன் பேசிய குரல் வேறாக இருந்தது. "அக்கா, இங்க வந்து தலைய விடுங்க."

டீச்சர் மறுபக்கத்திலிருந்து குனிந்து, கியருக்கு அந்தப் பக்கம் தலையை நுழைத்தாள். டார்ச் வெளிச்சத்தில் பிரேக் பெடலின் மேல்முனை தெரிந்தது. அந்த இரும்பில் ஒரு துளை. துளைக்கு எதிரே கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்பு ஸ்விட்ச், அதிலிருந்து ஒரு மெல்லிய குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. பேனா முனையளவு.

"பெடல் சும்மா இருக்கறப்ப இந்த இரும்பு குச்சிய உள்ள அழுத்திப் பிடிச்சிருக்கும். மிதிச்சா இரும்பு விலகும், குச்சி வெளிய வரும். பிரேக்குன்னு அப்பத்தான் தெரியும்," என்றான் பல்பு. "இரும்பு நேரா இடிக்கக் கூடாதுன்னு இந்தத் துளையில ஒரு பிளாஸ்டிக் குமிழ் வெச்சிருப்பாங்க. வெயில்ல மக்கிப் பொடியாயிடுச்சு. அதுதான் நீலம். குமிழ்ல பாதிதான் ஒட்டிட்டிருக்கு. குழியில குலுங்கறப்ப குச்சி ஒரு நூல் வெளிய வந்துடுது."

"ஒரு நூல் வந்தா லைட் எரியாதா?"

"அதான் எனக்கும் இப்பத்தான் பிடிபட்டுது. உள்ள ரெண்டு தொடுப்பு இருக்கு. ஒண்ணு கம்ப்யூட்டருக்கு, ஒண்ணு லைட்டுக்கு. கம்ப்யூட்டருக்கு உள்ளது முதல்ல மாறும். லைட்டுக்கு இன்னும் கொஞ்சம் வெளிய வரணும். நடுவுல அந்த ஒரு நூல்ல நின்னா, கம்ப்யூட்டருக்கு பிரேக். லைட்டுக்கு பிரேக் இல்ல."

அவன் வெளியே வந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் நீலப் பொடி. "வண்டி பொய் சொல்லலக்கா. அதுக்குத் தெரிஞ்சத சொல்லுச்சு. நான்தான் அதுக்குக் கண்ணு இருக்குன்னு நெனச்சுட்டேன்."

டீச்சர் தலையை வெளியே எடுக்கவில்லை. இந்த வண்டி வந்த நாளிலிருந்து அந்த இரும்புத் தண்டின் மறுமுனையில் அவள் கால் இருந்திருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை மிதித்திருப்பாள்? ஒவ்வொரு தடவையும் தண்டு தள்ளி, இரும்பு விலகி, இந்தக் குச்சி அரை அங்குலம் வெளியே வந்து, பின்னால் வருகிற முன்பின் தெரியாத ஒருவருக்குச் சிவப்பாகச் செய்தி போயிருக்கிறது. நடுவே, இருட்டில், ஒரு பருப்பு அளவு பிளாஸ்டிக் அத்தனையையும் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. ஆயிரம் கிலோ வண்டி அதன் சொல்லைக் கேட்டு நின்றது, அதன் சொல்லைக் கேட்டு ஓடியது. பொடிந்து போகும்போது அது மறைக்கவும் இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உதிர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் தினமும் கூட்டித் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தாள். கழுத்து வலித்தது. ஆனாலும் டார்ச் வெளிச்சம் நகரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"புதுக் குமிழ் திங்கள்கிழமைதான் கிடைக்கும்," என்றான் பல்பு. "சின்ன சாமான். கடைக்காரன் வாரத்துக்கு ஒரு தரம்தான் எடுத்துட்டு வரான்."

"நாளைக்கு எனக்கு டெஸ்ட்," என்றார் டெய்லர், இருக்கையில் கட்டுண்டபடியே.

"எனக்குத் திங்கள்," என்றாள் டீச்சர்.

டெய்லர் இருக்கையிலிருந்தே குனிந்து பெடல் பக்கம் எட்டிப் பார்த்தார். "அந்தத் துளை எவ்வளவு பெருசு தம்பி?"

பல்பு விரலைக் காட்டினான். டெய்லர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே ஊசி, நூல், பட்டன்கள். பட்டன் இரண்டைப் பொறுக்கினார், கோட்டுக்குப் போடுகிற கெட்டிப் பட்டன்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. "துளைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நடுவுல நூல் போட்டு இறுக்கித் தைச்சுட்டா அசையாது. கோட்டுலயே அப்படித்தான், துணி கிழியாம இருக்க உள்ள ஒரு சின்னப் பட்டன் வெப்போம்."

"பிரேக்ல பட்டன் தைக்கறதா?" என்றான் பல்பு.

"அறுந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள் டீச்சர். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

பல்பு யோசித்தான். வானத்தைப் பார்த்து யோசித்தான். "பிரேக்குக்கு ஒண்ணும் ஆகாது. அது வேற வழி. குச்சி வெளிய வந்து லைட் எரிஞ்சுட்டே இருக்கும், வண்டி ஓடாம படுத்துக்கும். அவ்வளவுதான். அறுந்தாலும் நிக்கத்தான் செய்யும், பாயாது."

"அப்ப தைங்க," என்றாள் டீச்சர்.

டேப்பை அவிழ்த்துவிட்டு டெய்லர் இறங்கினார். பல்பு படுத்திருந்த மாதிரியே மல்லாந்து படுத்து, தலையை உள்ளே விட்டார். வெளிச்சம் கண்ணைக் கூசுவதாகச் சொல்லி டார்ச்சை அணைக்கச் சொன்னார். "கை பார்த்துக்கும்." மெழுகில் இழுத்த தடித்த நூலை ஊசியில் கோத்திருந்தார். டீச்சர் மறுபக்கம் குனிந்து கவனித்தாள். இருட்டில் பத்து விரல்கள் இரும்பைச் சுற்றிப் போய்வந்தன. ஊசி இந்தப் பக்கம் மறைந்து அந்தப் பக்கம் முளைத்தது, ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. இரண்டு பெடலைப் பிரித்து மிதிக்க மூன்று வாரம் தவித்த மனிதர். இப்போது அவர் உடம்பு முழுக்க ஒரே நிதானம். எட்டு முறை நூல் போனது. பிறகு பட்டனுக்கும் இரும்புக்கும் நடுவே நூலைச் சுற்றிச் சுற்றிக் கழுத்து கட்டினார். முடிச்சுப் போட்டு, பல்லால் கடிக்க எட்டாமல், கத்திரி கேட்டார். பல்பு ஒயர் வெட்டுகிற கட்டரைக் கொடுத்தான்.

"ரெடிமேட்ல இந்த மாதிரி தைக்க மாட்டான்," என்று உள்ளிருந்தே சொன்னார் டெய்லர்.

ஸ்கேனர் திரையில் பிரேக் கோடு கீழே இறங்கித் தரையோடு படுத்தது.

அப்போதுதான் அண்ணனின் ஸ்கூட்டர் மைதானத்துக்குள் நுழைந்தது. மூன்று மணிக்காரர் ஆபீஸில் காத்திருக்கிறார், போனை யாரும் எடுக்கவில்லை. வந்து பார்த்தால் தங்கை செருப்பில்லாமல் நிற்கிறாள். எலக்ட்ரீஷியன் முகத்தில் நீலம். டெய்லர் பெடல்களுக்கு அடியிலிருந்து ஊசியோடு எழுகிறார்.

பல்பு எல்லாவற்றையும் சொன்னான். டேப்பைச் சொன்னான், சம்மணத்தைச் சொன்னான், ஒரு நூல் அளவைச் சொன்னான். அண்ணன் நீலத் துணுக்கை வாங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டினான். அவன் எதையும் சட்டென்று ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை.

"நான் ஓட்டிப் பார்க்கறேன்," என்றான்.

"பாரு," என்றாள் டீச்சர். "நானும் வரேன். கால மேல வெச்சுக்கிட்டு."

நால்வரும் ஏறினார்கள். பின்னால் பல்பும் டெய்லரும். டெய்லர் ஊசியைக் காலரில் குத்திக்கொண்டார். டீச்சர் தன் இருக்கையில் சம்மணம் போட்டாள். செருப்பு கீழே இருந்தது.

அண்ணன் மைதானத்தை மூன்று முறை சுற்றினான். குழியில் வேண்டுமென்றே ஏற்றி இறக்கினான். வண்டி முனகவில்லை. நான்காவது, ஐந்தாவது. பின்னாலிருந்து டெய்லர், "தையல் பிடிச்சுக்கிச்சு," என்றார். அண்ணன் கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறினான்.

ரோட்டில் பள்ளிக்கூடம் விட்ட நேரம். சைக்கிள்கள், ஒரு தள்ளுவண்டி, நடுவில் நின்று பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பேர். அண்ணன் முப்பது வருஷமாக ஓட்டுகிறவன். ஆனால் இந்த வண்டியை, பக்கத்து இருக்கையில் தங்கை இருக்க, அவன் ஓட்டியதே இல்லை. டீச்சர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக ஊர் அவள் கண்ணுக்கு ஊராகத் தெரிந்தது: மருந்துக் கடையின் பச்சை போர்டு, மாடியில் காயும் துணி. வலது கால் மடிப்புக்குள் மரத்துப்போய்க் கிடந்தது. அது எங்கேயும் போகவில்லை, போனதும் இல்லை.

சந்து வந்தது. போன வருஷத்துச் சந்து. அண்ணனின் விரல்கள் ஸ்டியரிங்கில் இறுகியதை அவள் பார்த்தாள். வேகம் குறைந்தது. அவன் ஒரு தரம் சந்தைப் பார்த்தான், ஒரு தரம் அவள் மடியைப் பார்த்தான்.

"கால கீழ வை," என்றான்.

"ஏன்?"

"வைன்னா வையேன். பயமா இருக்கு."

டீச்சர் காலைப் பிரித்து இறக்கினாள். மரத்துப்போன பாதம் செருப்பைத் தேடியது, நுழைந்தது, பெடலுக்கு மேலே போய் நின்றது. ஒரு விரல் இடைவெளியில்.

"திங்கள்கிழமை?" என்று கேட்டாள்.

"காலைல ஏழு மணிக்கு ஒருத்தர் புதுசா வரார்," என்றான் அண்ணன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "மீன்பிடிப் படகு ஓட்டறவராம். பிரேக்குன்னா என்னன்னே தெரியாதாம்."